பப்பாளியின் பன்னிரண்டு நன்மைகள்

நூர் பாஷா வெளிக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. இதை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் சொல்லி அழலாம். அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில் மட்டும் மூச்சு விட முடியாது. அந்த ரோட்டில்தான் அவனுடைய பப்பாளி வண்டி நின்றது. வண்டிக்கு மேலே ஆறடிக்கு நாலடி ஃபிளக்ஸ் ஒன்று தொங்கியது. ‘பப்பாளியின் பன்னிரண்டு நன்மைகள்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே முதல் வரி, மற்ற வரிகளைவிடக் கொட்டை எழுத்தில்: ‘தீராத மலச்சிக்கல் தீரும்.’

பழத்தை நறுக்கி, தட்டில் அடுக்கி, பல்குச்சி குத்திக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வரி தன் உச்சந்தலைமேல் உட்கார்ந்து கால் ஆட்டுகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

ஃபிளக்ஸ் வந்த கதை இது. மகள் ஆஃப்ரின் தர்மபுரியில் காலேஜில் ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கிறாள். பப்பாளியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அப்பன் புலம்பியதைக் கேட்டு ஒரு தாளில் ஐந்து நன்மைகளை எழுதிக் கொடுத்தாள். மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து, செரிமானம், கண் பார்வை, எதிர்ப்புச் சக்தி, தோல். அவ்வளவுதான். தாளை எடுத்துக்கொண்டு ஃபிளக்ஸ் கடைக்குப் போனான் நூர் பாஷா. கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஆறுக்கு நாலுல அஞ்சே வரியா? கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கும் பாய். எவ்ளோ எடம் சும்மா கெடக்குது பாருங்க.”

சும்மா கிடந்த இடத்தை அவரே நிரப்பினார். முடி அடர்த்தியாக வளரும். மூட்டுவலி ஓடும். ஞாபக சக்தி பெருகும். கோபம் குறையும். இப்படிப் பதினொன்று வரைக்கும் கை தானாக ஓடியது. பன்னிரண்டாவதுக்கு யோசனை வரவில்லை. ஏற்கெனவே ஒரு ஜோசியருக்கு அடித்த ஃபிளக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. அதிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினார்: ‘குடும்பத்தில் அமைதி நிலவும்.’

ஆஃப்ரின் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அப்பா, ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் யாருப்பா சொன்னது?”

“ஃபிளக்ஸ் கடைக்காரருதான்.”

“அவரு டாக்டரா?”

“இல்லம்மா. எடம் காலியா இருந்துச்சி.”

ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அதுவரைக்கும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பப்பாளி என்றால் காசு கொடுத்து வாங்குகிற சாமான் இல்லை. சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்து, காக்காய் கொத்திப் போடுவது. ஃபிளக்ஸ் தொங்கிய பிறகு, ஏதோ கோர்ட் நோட்டீஸ் ஒட்டியிருப்பது மாதிரி நின்று பன்னிரண்டையும் படித்துவிட்டு, “ரெண்டு தட்டு குடுங்க பாய்” என்றார்கள்.

அவ்வளவு நன்மையும் கையில் இருக்கும்போது, அவனே ரெண்டு துண்டு வாயில் போட்டுக்கொண்டால் என்ன? அதுதான் முடியாது. நூர் பாஷா பப்பாளி சாப்பிட மாட்டான். வாலிபத்தில் இரண்டு வருஷம் பப்பாளி லோடு ஏற்றி இறக்கினவன். கூடையைத் தோளில் ஏற்றும்போது அடியில் நசுங்கின பழத்தின் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கி, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காயும். ஈ அவனைப் பழம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அப்போது போனது ஆசை. இன்றைக்கும் பழத்தை இரண்டாகப் பிளக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். பார்க்கிறவர்கள் தொழில் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போவதற்கு இடம் இல்லை.

விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தோட்டத்துக்குப் போய்ப் பழம் எடுத்து, ஆறு மணிக்கு வண்டி போட வேண்டும். நான்கு மணிக்கு வயிறு முழிக்காது. அது என்ன லாரியா, சாவி போட்டதும் உறும? அது முழிக்கிற நேரம் காலை பத்து. அப்போது அவன் ரோட்டில் நிற்பான். முன்பு வண்டிக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு ஒதுங்கலாம். இப்போது அதைச் சுத்தம் பண்ணி, வீட்டு மனை என்று வெள்ளைக் கல் நட்டு, கம்பி வேலி போட்டு, மூலைக்கு ஒரு கேமராவும் வைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டல். பெங்களூர் பஸ்ஸெல்லாம் அங்கே நிற்கும். ஓட்டலின் பின்பக்கம் டைல்ஸ் போட்ட கக்கூஸ் உண்டு. அதன் கதவில், ‘சாப்பிட வருபவர்களுக்கு மட்டும்’ என்று எழுதிப் பூட்டு போட்டிருக்கும். ராத்திரி வீட்டுக்குப் போனால் வயிற்றுக்குத் தூக்கம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தர்மபுரி போகும்போதுதான் அவனுக்கு ஒரு வழி பிறக்கும். ஆக மொத்தம் வாரத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் தண்ணீரைக் குறைத்து, டீயைக் குறைத்து, அடக்கிப் பழகி, கடைசியில் வயிறும் முதலாளி சொன்னதைக் கேட்கிற வேலைக்காரன் மாதிரி வாயை மூடிக்கொண்டுவிட்டது.

பக்கத்து வண்டியில் வேர்க்கடலையும் மக்காச்சோளமும் அவித்து விற்கிற செல்லியின் கதை இதைவிட மோசம். பதினோரு வருஷமாக அந்த ரோட்டில் நிற்கிறாள். விடிந்தபிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். பாலக்கோடு தக்காளி மண்டியில் கூலிக்குப் போனபோது ஆரம்பித்த பழக்கம். போன வருஷம் ஸ்கேன் எடுத்ததில் கிட்னியில் கல் என்றார்கள்.

“கெணறு வெட்றவன் ஒடச்ச கல்லுல ஒன்ன எடுத்து எனக்குள்ள வெச்சிட்டாங்க போல” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

கிணறு வெட்டுகிறவன் என்று அவள் சொல்வது கிருஷ்ணப்பனை. நூர் பாஷாவின் வண்டிக்கு முதல் பக்தன் அவன்தான். ஐம்பத்தைந்து வயசு. நாற்பது வருஷம் பாறையில் குண்டு வைத்தும் உளி வைத்தும் கிணறு இறக்கினவன். இப்போது கிணறு வெட்ட ஆள் கூப்பிடுவதில்லை. போர்வெல் வண்டி வந்துவிட்டது. கிடைத்த கல் வேலைக்குப் போகிறான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், ஆனால் படித்ததை நம்புவான். அச்சில் போட்டவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவன் கட்சி.

பதினைந்து வருஷத் தொல்லை அவனுக்கு. ஒன்பது நாள் காலையும் சாயங்காலமும் பப்பாளி சாப்பிட்டான். பத்தாம் நாள் காலை, வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, ரோட்டின் அந்தப் பக்கமிருந்தே கையைத் தூக்கினான்.

“பாய்! மொத வரி பலிச்சிருச்சி!”

“சந்தோசம்ணா, மெதுவா பேசுங்க.”

“எதுக்கு மெதுவா? பதினஞ்சு வருசம் பாய்! பாறையில வெடி வெச்ச மாதிரி!”

தட்டை வைத்திருந்த டீச்சரம்மா ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மறுநாள் இரண்டு பழம் முழுசாக வாங்கிப் போனாள். கிருஷ்ணப்பன் அன்றிலிருந்து கணக்கு வைத்து ஒவ்வொரு வரியாக இறங்க ஆரம்பித்தான். கண் பார்வைக்கு அவ்வப்போது எதிர் ஓட்டல் போர்டைப் படித்துப் பார்த்தான். ஆறாவது வரிக்காகத் தினமும் வழுக்கைத் தலையைக் குனிந்து செல்லியிடம் காட்டினான்.

“பாரும்மா, மொளைக்குதா?”

“ஆமாங்க கெணத்துக்காரரே. நடுவுல ரெண்டு. ஒன்னுக்கொன்னு தொணையா நிக்குது.”

அந்தச் செவ்வாய்க்கிழமை நூர் பாஷாவுக்குத் தாங்க முடியவில்லை. ஃபிளக்ஸ் கடைக்குப் போய்வருவதாகச் செல்லியிடம் சொல்லி, வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தர்மபுரிக்கு பஸ் ஏறினான். அதியமான்கோட்டையில் மருந்து வாங்கினால் அரை மணியில் ஊருக்குத் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் ஒரு மெடிக்கல். ஆள் குறைகிற வரைக்கும் காத்திருந்து, கவுன்டரில் இருந்த பெண்ணிடம் வாய்க்குள்ளேயே கேட்டான்.

“என்னாங்க? சத்தமா சொல்லுங்க.”

“வயிறு… போறதுக்கு. சிரப்பு.”

அந்தப் பெண் உள்ளே திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி, “ண்ணா! மலச்சிக்கல் சிரப்பு பெருசு இருக்குதா?” என்றாள்.

பெருசு வந்தது. காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். பின்னால் கிருஷ்ணப்பன் தோள்பட்டைக்குத் தைலம் வாங்க நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தார்கள்.

“யாருக்கு பாய்?”

“மாமியாருக்குண்ணா. ரெண்டு நாளா ஒரே தொந்தரவு.”

கிருஷ்ணப்பன் கொஞ்சம் யோசித்தான். “ஒங்க மாமியாரு மவுத்தாயி மூணு வருசமாச்சே. நாந்தான மண்ணு தள்ள வந்தேன்.”

நூர் பாஷா பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கிருஷ்ணப்பன் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கல் தேறுமா தேறாதா என்று தட்டிப் பார்க்கிற மாதிரி அவன் முகத்தையே பார்த்தான். பிறகு பாட்டிலை மெதுவாகக் கையிலிருந்து வாங்கி, மடித்துக் கட்டியிருந்த வேட்டியில் செருகிக்கொண்டான்.

“இது எங்கிட்டயே இருக்கட்டும். காலைல வண்டிக்கி வரேன்” என்றான்.

புதன்கிழமை காலை நூர் பாஷா வண்டி போடாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தான். தோட்டத்திலிருந்து எடுத்த பழம் வீணாகும். தவிர, வராமல் போனால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. இந்த ஃபிளக்ஸ் ஒன்றுதான் அவன் பிழைப்பு. ‘பாய்க்கே பலிக்காத பப்பாளி’ என்று ஒரு வாய் சொன்னால் போதும். நாளைக்குக் காக்காய்கூட வராது.

கிருஷ்ணப்பன் எட்டரைக்கு வந்தான். வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். சிரப்பு பாட்டிலை எடுத்துப் பழத்துக்கு நடுவில் வைத்தான்.

“பாய் நேத்து தர்மபுரி மெடிக்கல்ல இத வாங்குனாரு. எதுக்குன்னு கேளுங்க.”

எல்லாரும் பாட்டிலைப் படித்தார்கள். பிறகு ஃபிளக்ஸைப் படித்தார்கள். பிறகு நூர் பாஷாவைப் பார்த்தார்கள்.

செல்லி முதலில் சிரித்தாள். “அதான் பாய் நாலு நாளா மொகத்த அப்புடி வெச்சிருந்தாரு. நான் வூட்ல சண்டைன்னு நெனச்சேன்.”

“பன்னெண்டாவது வரியும் போச்சு” என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

“சாப்பிட்டும் தீரலயா பாய்?” கிருஷ்ணப்பன் கேட்டான். கேலியே இல்லை அவன் குரலில். அவனுக்குப் பதினைந்து வருஷத் தொல்லை தீர்ந்தது நிஜமா, மனப்பிராந்தியா என்று அவனுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

உண்மையைச் சொல்வதைத் தவிர வழி இல்லை. “நான் சாப்பிடறதே இல்லைண்ணா” என்றான் நூர் பாஷா.

எல்லாரும் தட்டைக் கீழே வைத்தார்கள்.

“ஏன்?”

“புடிக்காது.”

கிருஷ்ணப்பனின் முகத்தில் பெரிய நிம்மதி பரவியது. “அட, அவ்ளோதானா? அப்ப பழத்து மேல தப்பில்ல. ஆளு மேலதான் தப்பு.” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். “இன்னிக்கி பாய் சாப்புடுவாரு. நாளைக்கி இதே எடத்துல வந்து கேளுங்க.”

தப்பிக்க முடியவில்லை. கிருஷ்ணப்பனே கத்தியை எடுத்து, இருப்பதிலேயே பெரிய பழத்தைப் பிளந்தான். நூர் பாஷா முதல் துண்டை எடுத்து வாயில் போட்டான். பழைய கூடைத் தண்ணீர் முதுகில் இறங்கியது. இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

“மெல்லுங்க பாய், முழுங்காதீங்க. என்னமோ பாம்பு எலிய முழுங்கற மாதிரி முழுங்கறீங்களே” என்றாள் செல்லி.

“கொஞ்சம் உப்பு தூவிக்கட்டுமாண்ணா?”

“உப்பு கெடையாது. போர்டுல உப்பு போட்டிருக்குதா?”

காலையில் ஒரு பழம். சாயங்காலம் வேலை முடிந்து திரும்பி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொன்று. பத்தியச் சாப்பாடு போடுகிறவன் மாதிரி ஒவ்வொரு துண்டாக எண்ணி வைத்தான் கிருஷ்ணப்பன். மூன்றாவது துண்டுக்குமேல் நூர் பாஷாவுக்கு ருசி தெரியவில்லை. ஐந்தாவதில் ஒரு சந்தேகம் வந்தது: அவ்வளவு மோசம் இல்லையோ? அதை வெளியே சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு வயிறு முழித்தது.

அது சாதாரணமாக முழிக்கவில்லை. ஆறு நாள் தூங்கினவன் வீட்டில் தீப்பிடித்ததும் எழுகிற மாதிரி எழுந்தது. கையில் இருந்த தட்டை யாரிடமோ திணித்துவிட்டு, செல்லியிடம் வண்டியைக் காட்டிவிட்டு, நூர் பாஷா ரோட்டைத் தாண்டி ஓட்டலுக்கு ஓடினான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. முட்டிக்குக் கீழே மட்டும்தான் ஓடியது. மேலே எல்லாம் நின்றுகொண்டிருந்தது.

கல்லாவில் முதலாளி தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி. அவருக்குப் பின்னால் ஆணியில் கக்கூஸ் சாவி தொங்கியது. யாரும் மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஓட்டைச் சாம்பார் கரண்டி ஒன்றில் அதைக் கட்டிவைத்திருந்தார்கள்.

“மொதலாளி, சாவி.”

“என்னா சாப்ட்டீங்க?”

“பப்பா… ஒன்னும் சாப்புடலீங்க.”

“அப்ப எப்புடிங்க? பில்லு இருந்தாத்தான் சாவி.”

“சரி, ரெண்டு இட்லி போடுங்க.”

“இட்லி முடிஞ்சிருச்சி. பூரி அஞ்சு நிமிசத்துல வரும்.”

“டீ! ஒரு டீ!”

டீ வந்தது. ஆவி பறக்கிற டீயை அவன் நின்றபடியே ஊற்றிக்கொண்டான். நாக்கு வெந்தது அவனுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பில் மெஷின் ‘கிர்’ என்று இழுத்துப் பாதியில் நின்றது. தீர்த்தகிரி அதை இரண்டு தட்டுத் தட்டிப் பேப்பர் ரோலை மாற்ற ஆரம்பித்தார். நூர் பாஷா கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். தெரிந்த துஆ எல்லாம் சொன்னான்.

ஒருவழியாகப் பில் வந்து, கரண்டியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பினால், பெங்களூர் பஸ் ஒன்று அப்போதுதான் வந்து நின்றது. இருபது பேர் அவனுக்கு முன்னால் கக்கூஸ் கதவுக்குப் போய் வரிசை கட்டினார்கள்.

அங்கேதான் கிருஷ்ணப்பன் வந்தான். ‘நாளைக்கி வந்து கேளுங்க’ என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற வண்டிக்கு வந்தவன், செல்லி சொன்னதைக் கேட்டுப் பின்னாலேயே ஓடி வந்திருந்தான். நிலைமை ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. கிணற்றுக்குள் வெடி வைத்துவிட்டு மேலே நிற்கிறவர்களை விரட்டுகிற அதே குரலில் கத்தினான்.

“ஒதுங்கு! ஒதுங்கு! எல்லாரும் ஒதுங்கு! அவரு ரெண்டு பப்பாளி துன்னுருக்காரு! ஆறு நாளு!”

கன்னடம் மட்டும் தெரிந்தவர்களுக்குக்கூடப் புரிந்தது. வரிசை இரண்டாகப் பிளந்தது. நூர் பாஷா கரண்டியை முன்னால் நீட்டியபடி நடுவில் போனான். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது அவனுக்கு இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது. வெயில்கூட இதமாக அடித்தது. கதவுக்கு வெளியே கிருஷ்ணப்பன் காவல் நின்றான். நூர் பாஷாவின் முகத்தைப் பார்த்தான், கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“பழம் பொய் சொல்லாது பாய்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அந்தப் பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப்பேர் அவனிடமிருந்தே சாவியை வாங்கிக் கக்கூஸ் போய்விட்டு, நேராக ரோட்டைத் தாண்டிப் பப்பாளி வண்டிக்குப் போனார்கள். கண்ணால் கண்டதற்குமேல் என்ன வேண்டும்? பதினோரு மணிக்கு வண்டியில் ஒரு பழம் இல்லை.

ஓட்டலில் பூரி மாவு அப்படியே கிடந்தது. தீர்த்தகிரி வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“இனிமே ரோட்டுக் கடக்காரங்களுக்குப் பில்லு இருந்தாலும் சாவி கெடையாது” என்று இந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னார். “என் கக்கூஸ்ல ஒங்களுக்கு வெளம்பரமா?”

நூர் பாஷா காலி வண்டியின் அருகே உட்கார்ந்தான். வயிறு லேசாக இருந்தது; மனசு கனத்தது. வெட்கம் இல்லை இப்போது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் நாளைக்கு? பழமும் சாப்பிட்டாகிவிட்டது, வயிற்றுக்கும் பத்து மணி என்று பழக்கம் வந்துவிடும். எங்கே போவது? பன்னிரண்டு நன்மை போட்ட ஃபிளக்ஸில் அதற்கு மட்டும் வரி இல்லை.

“பழத்துல எல்லாம் இருக்குது செல்லிக்கா. போறதுக்கு எடந்தான் இல்ல” என்றான்.

செல்லி அடுப்பைக் கிளறினாள். “ஒங்களுக்கு இன்னிக்கித்தான் தெரியுதா? நான் பதினோரு வருசமா பாக்கறேன். நீங்களாச்சும் வேலி ஓரமா திரும்பி நின்னுக்கலாம். நான் என்னா பண்றது?”

நூர் பாஷா அவளைத் திரும்பிப் பார்த்தான். பதினோரு வருஷமும் பக்கத்து வண்டியில் நின்றவன். இவள் எங்கே போகிறாள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. போவதே இல்லை என்பதுதான் பதில் என்று இப்போது புரிந்தது.

“ஓட்டல்லருந்து வந்து சாயங்காலம் பழம் பார்சல் வாங்கிட்டுப் போறாங்களே, அது யாருக்கு?” என்று கேட்டாள் செல்லி.

ஓட்டலில் சப்ளை பண்ணுகிற பூவரசன் தினமும் ஆறு மணிக்கு வருவான். ஒரு முழுப் பழம், நறுக்கி, தோல் சீவி, டப்பாவில். ஃப்ரூட் சாலட் போட என்பான். ஓட்டலில் ஃப்ரூட் சாலட் யாரும் பார்த்ததில்லை.

“மொதலாளிக்குத்தான் இருக்கும். நாள் பூரா கல்லாவுல உக்காந்து பரோட்டா துன்னா, அவருக்கு மட்டும் எப்புடிப் போவும்?” என்றாள். “இன்னியிலருந்து பார்சல் இல்லன்னு சொல்லிருங்க.”

“வேணாக்கா. போலீஸ்ல சொல்லி வண்டிய எடுக்க வெச்சிருவாரு.”

“எடுக்க வெச்சிட்டு அவரு எங்க போயி வாங்குவாரு? சொல்லுங்க பாய், எனக்காக.”

அவள் அதுவரைக்கும் அவனிடம் எதையும் கேட்டதில்லை. சாயங்காலம் வேறு பழம் எடுத்து வந்தும், பூவரசன் வந்து நின்றபோது நூர் பாஷா தலையாட்டினான். “ஓட்டலுக்குப் பழம் இல்லப்பா.” பூவரசன் வண்டியில் இருந்த பதினைந்து பழத்தையும் பார்த்தான். நூர் பாஷாவும் பார்த்தான். பூவரசனின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவனுக்கு விஷயம் தெரியும். “சொல்லிடறேங்க” என்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஓட்டலுக்குப் பழம் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. இரண்டு நாளும் நூர் பாஷா போலீஸ் ஜீப் சத்தத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சனிக்கிழமை மத்தியானம் ஓட்டலில் கல்லா மேசை உடைகிற மாதிரி ஒரு குத்துச் சத்தமும், யாரையோ வைகிற சத்தமும் கேட்டது. “ஒம்பதாவது வரி போச்சி” என்றான் கிருஷ்ணப்பன், ஃபிளக்ஸை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு. அது கோபம் குறைகிற வரி.

ஞாயிற்றுக்கிழமை காலை தீர்த்தகிரியே ரோட்டைத் தாண்டி வந்தார். நடை நூர் பாஷாவுக்குத் தெரிந்த நடை. முட்டிக்குக் கீழே மட்டும் நடந்தது.

“ஏன் பாய், நம்ம கடைக்கி பழம் இல்லன்னிட்டீங்களாம்?”

“ஃப்ரூட் சாலட்டுக்குத்தானங்க மொதலாளி. டவுன்ல எவ்ளோ பழம் கெடைக்குது.”

“வாங்குனேன்.” தீர்த்தகிரி அக்கம்பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். “கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெச்சது. வேல செய்யல.”

“எத்தினி நாளுங்க?”

முதலாளி மூன்று விரலைக் காட்டினார்.

நூர் பாஷாவுக்குப் பாவமாகிவிட்டது. அந்த முகத்தை அவன் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். கை தானாகக் கத்திக்குப் போனது. செல்லி தொண்டையைக் கனைத்தாள். கை நின்றது.

“பில்லு இருக்குதாங்க மொதலாளி?” என்றாள் செல்லி.

தீர்த்தகிரி அவளைப் பார்த்தார், ஃபிளக்ஸைப் பார்த்தார், திரும்பித் தன் ஓட்டலைப் பார்த்தார். விபூதிக்கு மேல் வேர்த்து ஒழுகியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் கௌரவம் பார்க்க முடியும்?

“சரி. காலைல ஒரு தடவ சாவி தரச் சொல்றேன்.”

“ஒரு தடவயா? ஒங்க வயித்துக்கு நேரம் சொல்லி வெச்சிருக்கீங்களா?” என்றாள் செல்லி. “எங்களுக்குன்னு தனிச் சாவி. வண்டிலயே தொங்கும். கழுவறது நாங்க, தண்ணி ஒங்களுது.”

“பொம்பளங்க போறப்ப நான் வெளிய காவல் நிப்பேன்” என்றான் கிருஷ்ணப்பன்.

“நீங்க நிக்க வேணாங்க கெணத்துக்காரரே. நீங்க நின்னா ஊருக்கே கத்துவீங்க.”

நூர் பாஷா இருப்பதிலேயே நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்துப் பிளந்தான். தீர்த்தகிரி டப்பாவுக்குக் காத்திருக்கவில்லை. வண்டி ஓரமாக நின்று, ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டார். இரண்டு துண்டு உள்ளே போனதும், “சாயங்காலம் சாவி அடிச்சிக் குடுத்துடறேன்” என்றார்.

திங்கட்கிழமை வண்டியின் கம்பியில் இரண்டு சாமான் தொங்கின. ஒன்று, ஓட்டைக் கரண்டியில் கட்டிய புதுச் சாவி. இன்னொன்று, சீல் பிரிக்காத சிரப்பு பாட்டில். அதைக் கிருஷ்ணப்பன்தான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம், “பாய் வாங்குனாரு. தொறக்கவே தேவப்படல” என்று விளக்கம் சொன்னான். லீவுக்கு வந்து நின்ற ஆஃப்ரின், ஃபிளக்ஸில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கப் பார்த்தாள். ஆறாவது வரிமேல் கை வைத்ததும் கிருஷ்ணப்பன் தடுத்துவிட்டான். அதற்கு இன்னும் ஒரு மாசம் டைம் கேட்டான்.

பத்து மணிக்கு நூர் பாஷா போய்விட்டு, அவசரமில்லாமல் நடந்து வந்தான். சாவியைக் கம்பியில் மாட்டினான்.

செல்லி அடுப்புக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்தாள். ஒரு லிட்டர் தண்ணீர். விடிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. நடு ரோட்டில், நட்ட வெயிலில், தலையை அண்ணாந்து, மடக் மடக்கென்று முழுசாகக் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. காலிப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியிலிருந்து கரண்டியைக் கழற்றினாள்.

“சோளம் தீயாம பாத்துக்கங்க பாய்” என்றாள். “நான் வர நேரமாவும்.”